அம்மா மேல் கழுவிய தண்ணீர்

எனக்குக் கோபம் வந்தால் லேசில் இறங்காது. "இவ கோவத்த அடுப்புல வச்சா ஒரு படி அரிசி வெந்துரும்" என்று எங்கள் சித்தி சொல்லுவாள். அப்படிப்பட்ட கோபம் எனக்கு முதன்முதலில் வந்தது பத்து வயதில். ஆறு கத்திரிச் செடிகளுக்காக, பெற்ற தாய் மேல்.

திருத்தங்கலுக்கு வெளியே இருந்தது எங்கள் தெரு. அம்மா பட்டாசுக் கம்பெனிக்குப் போனாள். அப்பா அச்சாபீசில் பேப்பர் லோடு இறக்கினார். தெருக்குழாயில் பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும். அன்றைக்கு அக்கா தங்கச்சி உறவெல்லாம் குழாயடியில் செல்லாது. அந்த ஊரில் போய்ச் செடி வளர்க்கும் ஆசையை எனக்கு ஊட்டியவள் சித்திதான். அம்மாவின் தங்கை, பக்கத்து வீடு. கம்பெனிப் பக்கமே போகாமல் காட்டு வேலைக்குப் போகிறவள். ஆனைக்குட்டத்தில் களையெடுக்கப் போன இடத்திலிருந்து ஆறு கத்திரி நாற்றுகளை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து தந்தாள். "மொதக் கொழம்பு எனக்குத்தான்" என்று கையடித்துச் சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.

கொல்லையில் குளிக்கிற கல் கிடந்தது. அதிலிருந்து ஓடும் தண்ணீருக்கு இரண்டு வழி. ஒன்று என் செடிகளுக்கு. இன்னொன்று சுவருக்கு வெளியே சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்த ஓடைக்கு. யார் குளித்தாலும் செடிப்பக்கம் திறந்திருக்கும். அம்மா குளிக்கும்போது மட்டும் அதைக் களிமண்ணால் அடைத்துவிட வேண்டும். அவள் வருவதற்குள் அடைத்து வைப்பது என் வேலை.

சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து இறங்கினால் அம்மா வீட்டுக்குள் வரமாட்டாள். சந்து வழியாக நேரே கொல்லைக்குப் போவாள். தம்பி ஓடிவந்து காலைக் கட்டினாலும் தூக்கமாட்டாள். வெடிக்குள் மருந்து அடைக்கிற வேலை. முழங்கை வரைக்கும், காது மடல் வரைக்கும் வெள்ளி பூசினாற்போல் பவுடர் அப்பியிருக்கும். அதைக் கழுவுவதற்குக் கம்பெனியில் மாதம் ஒரு சோப்பு கொடுத்தார்கள். எம்புட்டுப் பெரிய மனசு! இதை எழுதும்போதுகூடப் பல்லைக் கடிக்கிறேன். மூன்று குடம் ஊற்றித் தேய்த்தால்தான் அவள் பழைய நிறத்துக்கு வருவாள். அந்த மூன்று குடமும் கருவேலத்துக்கு.

அந்த வருசம் புரட்டாசி பிறந்தும் மழை இல்லை. தீபாவளி சீசன் என்பதால் அம்மாவுக்கு ஞாயிறு ஒருநாள்தான் வீடு. என் கத்திரிகள் மத்தியானமே தலையைத் தொங்கப்போட்டு நின்றன. கருவேலமோ கொழுத்துக் கிடந்தது.

"ஒன் தண்ணிய மட்டும் ஏம்மா முள்ளுக்கு ஊத்துற?"

"அது மேலு கழுவுன தண்ணி."

"அப்ப அப்பா என்ன, மூஞ்சி மட்டுமா கழுவுறாரு?"

"வாய் நீளுது. போய்ப் படி."

அவ்வளவுதான் பதில். நாள் முழுக்கக் குத்தவைத்து வேலை பார்த்து வந்தவளிடம் பேச்சு மிச்சமிருக்காது. எனக்கோ வயிறு எரிந்தது. பப்பாளி இலையின் காம்பு உள்ளே குழல் மாதிரி இருக்கும். அதில் ஒரு துண்டை ஒடித்து, களிமண் அடைப்புக்கு அடியில் செருகி, மேலே ஒரு கல்லை வைத்து மறைத்தேன். அம்மா குளிக்கும்போதெல்லாம் பாதித் தண்ணீர் கமுக்கமாக என் பாத்திக்கு வந்தது.

மூன்றே வாரம். செடிகள் நிமிர்ந்தன, பூத்தன, காய்த்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் பறிப்பில் ஒன்பது காய் கிடைத்தது. சித்தி வந்து அடுப்பைப் பிடித்துக்கொண்டாள். காம்பு போகாமல் நாலாக வகிர்ந்து, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயத்தோடு வதக்கி, புளியைக் கரைத்து ஊற்றினாள். தெருவே மணந்தது. "ஏ ஆத்தா, ஒங்கைக் காயி வெண்ணெயா உருகுது பாரு" என்றாள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா கூப்பிட்டாள்.

"இங்கன என்ன மினுங்குது?"

கத்திரித் தூர்களைச் சுற்றி மண் வெயிலில் பளபளத்தது. நான் பெருமையாகப் பப்பாளிக் காம்பை உருவிக் காட்டினேன். "ஒன் தண்ணிதாம்மா. பாதிய வீணாக்காம காப்பாத்திட்டேன்."

அம்மா குனிந்து ஒவ்வொரு செடியாகப் பிடுங்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் எறிந்தாள். உள்ளே வந்து, கொதிக்கிற சட்டியைத் துணியால் பிடித்து இறக்கி, அப்படியே கொண்டுபோய் ஓடையில் கவிழ்த்தாள்.

"ஏக்கா, நல்லெண்ணெ ஊத்திருக்கேங்க்கா!" என்று சித்தி பின்னாலேயே ஓடினாள்.

அம்மா திரும்பி என் தாடையைப் பிடித்தாள். "தின்னியா? ஒரு வாயாவது தின்னியாடி? சொல்லு!" இல்லையென்று தலையாட்டியும் நம்பாமல் வாய்க்குள் விரலைவிட்டுப் பார்த்தாள்.

"நாலு காய்க்கு இம்புட்டு ஆங்காரமா?" என்றார் வாசலில் இருந்த அப்பா.

"நீங்க பேசாதீக. மருந்து ஒங்க மேலயா ஒட்டுது?"

நான் அம்மாவின் கையைத் தட்டிவிட்டேன். "நீ போயி அந்தக் கருவேலத்துக்கே அம்மாவா இரு" என்றேன். சித்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்க்க உட்கார்ந்தாள். தேய்த்த சட்டியையே மறுபடி மறுபடி தேய்த்தாள். மத்தியானம் வெறும் ரசம். நான் தொடவில்லை.

மறுநாள் காலை ஆறரைக்கு வேன் வந்து ஹாரன் அடித்தது. "போயிட்டு வாரேன் ஆத்தா" என்று அம்மா என் தலைமாட்டில் நின்று சொன்னாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். சீசன் ஆர்டர் நெருக்குகிற நேரம், தாமதித்தால் திட்டுவார்கள்; அவளும் நிற்காமல் போய்விட்டாள். ஒரு வாரம் நான் அவளோடு பேசவில்லை.

கத்திரி வேரில் படக்கூடாத பவுடருக்குள்தான் அவள் தினமும் போய் உட்காருகிறாள் என்றோ, அவளால் பிடுங்கி எறிய முடிந்தது அந்த ஆறு செடிகளை மட்டும்தான் என்றோ எனக்கு அப்போது தோன்றவே இல்லை.