ஓரகத்திக்குக் கொடுத்த பச்சை ஷேடு

எங்கள் தங்கச் சுரங்க ஊரில், ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் எங்களுக்கு வீடு கிடைத்தபோது, கட்டில் பீரோவுக்கு முன்னால் நான் வாங்கியது விளக்குகளுக்கு ஷேடு. அதுவரை என் கணவரின் அண்ணன் வீட்டில், ஆண்டர்சன்பேட்டையில் அவர்களுடைய பாத்திரக் கடைக்கு மேல்மாடியில், டியூப்லைட் வெளிச்சத்தில் கண் கூசக் கூச வாழ்ந்தவள் நான். எனக்கென்று ஒரு வீடு வந்தால் வெளிச்சம் தலைமேல் கொட்டக் கூடாது, பக்கத்தில் வந்து உட்கார வேண்டும் என்று ஆசை. ஹாலுக்குச் சுருக்கம் வைத்த சந்தன நிறத் துணி ஷேடு, படுக்கையறைக்கு ஆரஞ்சு, சாப்பிடும் மேசைக்கு மேலே பல்பை முழுசாக மூடும் பச்சைக் கண்ணாடி. பெங்களூரில் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டே பங்காருபேட்டையில் ரயில் மாறி வந்து சேர்ந்தேன்.

பால் காய்ச்சிய அன்று என் ஓரகத்தி, அதாவது அந்த அண்ணனின் மனைவி, ஹால் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தாள். போதுமான கூட்டம் இருக்கிறதா என்று ஒரு தரம் திரும்பியும் பார்த்துக்கொண்டாள்.

"இன்னாம்மா இது? நம்ம ஊர்ல தொப்பி மேல லைட்டு வெச்சிகினு ஷாஃப்ட்ல எறங்குவாங்க. நீ இன்னாடான்னா லைட்டு மேல தொப்பி வெச்சிக்கீற!"

வீடே சிரித்தது. என் கணவரும் சிரித்தார். நல்ல ஹாஸ்யம்தான், அதனால்தான் ஒட்டிக்கொண்டது. ஒரே வாரத்தில் நாங்கள் 'தொப்பி வீடு' ஆனோம். மளிகைக் கடையில் நான் தொப்பி வீட்டம்மா. என் பெண் அந்தப் பேருக்காகப் பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டே வந்தாள். இந்த ஓரகத்தியை ஒருநாள் நாலு பேர் முன்னால் வாய் திறக்க முடியாமல் உட்காரவைக்கிறேன் என்று அடுப்படியில் நின்று கருவிக்கொண்டேன். பொறுத்தார் பூமியாள்வார் என்பார்கள். எனக்குப் பூமி வேண்டாம், அவள் வாய் அடைபட்டால் போதும்.

வாங்கியதில் பச்சை மட்டும் என்னை ஏமாற்றிவிட்டது. அந்த வெளிச்சத்தில் சாம்பார் பாசி பிடித்த குட்டைத் தண்ணீராகத் தெரிந்தது. ஷிஃப்ட் முடிந்து வந்த கணவர் என் முகத்தைப் பார்த்துப் பதறிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். கழற்றிப் பரணில் போட்டேன்.

சில வருடங்கள் கழித்து ஓரகத்தியின் பெண்ணுக்குப் பெங்களூரிலிருந்து வரன் வந்தது. பெண் பார்த்துப் பிடித்தால் அன்றைக்கே தட்டு மாற்றிக்கொள்வது என்று பேச்சு. ஓரகத்தி என் வீட்டுப் படியேறி வந்தாள்.

"அவங்க ஊட்ல ரூமுக்கு ரூம் ஷேடு கீதாம். எனக்கு இன்னா தெரியும்? நீயே வந்து பாத்து வெச்சிடும்மா."

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடித்தான் கறக்க வேண்டும். "உங்களுக்குச் செய்யாம வேற யாருக்குக்கா செய்யப் போறேன்?" என்றேன்.

பெண்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நான் தலைவாரிப் பின்னிவிட்டு வளர்ந்தவள். அவள் உட்காரும் இடத்துக்கு என் சந்தன ஷேடையே கொண்டுபோய் மாட்டினேன். அதன் கீழே யாரும் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி இருப்பார்கள். அம்மாக்காரியின் நாற்காலிக்கு நேர் மேலே, பரணிலிருந்து இறக்கிய பச்சை.

"இது என் பரிசுக்கா. பச்சை மகாலட்சுமி நெறம்."

"ஆமாம்மா, மங்களம்" என்று அவளே எனக்கு ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். டியூப்லைட்டை மட்டும் போட வேண்டாம், பட்டிக்காடு என்று நினைத்துவிடுவார்கள் என்று சொல்லிவைத்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தது மழை மூட்டமான சாயங்காலம். மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பெண்ணைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. பிறகு ஓரகத்தியின் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு உடம்பு சரியில்லைங்களா?"

"அய்யோ, நல்லாதான் கீறேன்."

"காமாலை மாதிரி தெரியுதே. கண்ணெல்லாம் பாருங்க."

நான் முந்திக்கொண்டேன். "ஓயாம அலையறாங்க. சொன்னா கேக்கறதில்ல." பெருமூச்சு ஒன்றையும் சேர்த்து விட்டேன்.

அதற்குப் பிறகு அவள் பேச வாயெடுத்தபோதெல்லாம் யாராவது ஒருவர் தண்ணீரை நீட்டினார்கள். அவள் புருஷனே "கொஞ்ச நேரம் சும்மா இரேன்" என்றார். தட்டு மாற்றும் நேரம் வந்ததும் மாப்பிள்ளையின் அம்மா அவளைத் தாண்டி என்னிடம் வந்தார்.

"அவங்க எழுந்துக்க வேணாம். சித்தியும் அம்மாதானே, நீங்க வாங்கிக்கங்க."

அது பெற்றவளின் உரிமை. தெரிந்துதான் இரண்டு கையையும் நீட்டினேன். நாற்காலியில் இருந்தபடி என் கையிலிருந்த தட்டையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு உள்ளுக்குள் அப்படி இனித்தது. கொஞ்சமும் உறுத்தவில்லை, இன்றுவரை இல்லை.

எல்லோரும் கிளம்பிப் போன பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. ஊருக்கெல்லாம் பேர் வைக்கிற வாய் மெதுவாக என்னைக் கூப்பிட்டது.

"நெஜமாவே எனக்கு இன்னாவாச்சும் ஆயிட்சா? நீயாவது மறைக்காம சொல்லும்மா. பொண்ணு கல்யாணத்தப் பாப்பேனா?"

டியூப்லைட் சுவிட்ச் என் தோளுக்குப் பின்னால்தான் இருந்தது. நான் குனிந்து, அவள் முகவாயை நிமிர்த்தி, கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். நாக்கையும் நீட்டச் சொல்லிப் பார்த்தேன்.

"எதுக்கும் நாளைக்கே ரத்தம் குடுத்து டெஸ்ட் பண்ணிடுங்கக்கா."