அரண்மனையில் சூப் தாமதமான காரணம்

ஐப்பசி, இரண்டாவது சனிக்கிழமை. மாலை 6.40: ஐரோப்பாவில் ஒரு பழைய அரண்மனையின் வாசலை அடைந்தோம். 6.55: மேல்கோட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டனர். 7.10: பத்தாம் மேசை. நாற்காலிகள் எட்டு, அமர்ந்தவர்கள் ஏழு பேர். 7.35: மற்ற மேசைகளுக்கு சூப் வந்தது. எங்களுக்கு வரவில்லை.

பதிவு இவ்வளவுதான். காரணம் நான்.

பாரம்பரிய விதைகளைக் காப்பவர்களுக்கு ஓர் அறக்கட்டளை அளித்த விருந்து அது. ஜவ்வாது மலையில் என் வீட்டுக்கு அடுத்த நிலத்தில் சாமை விதைக்கும் காளியம்மாவுக்கு அழைப்பு; மொழிபெயர்ப்பாளனாக எனக்கும். அரண்மனையைவிட்டு அரச குடும்பம் வெளியேறி நெடுங்காலமாயிற்று. இப்போது விருந்துகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். நம் கல்யாண மண்டபம்தான் — வாழைமரம் மட்டும் இல்லை.

காளியம்மா அண்ணாந்து பார்த்தார். கூரை ஓவியத்தில் இறக்கை முளைத்த குழந்தைகள் பறந்துகொண்டிருந்தன, துணியின்றி.

“இன்னா சார், இம்மாம் பெரிய வூட்டு ராசா... புள்ளைங்களுக்கு ஒரு ஜட்டி வாங்கித் தரல?”

விருந்துக்கான படிவத்தில் ‘துணைவர் பெயர்’ என்றொரு கட்டம் இருந்தது. நாற்பதாண்டுப் பழக்கத்தில் விரல்கள் ‘வசந்தா’ என்று தட்டிவிட்டன. என் மனைவி வசந்தா பங்குனியில் காலமானார். படிவம் அதைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

விளைவு? என் இடப்பக்கம் ஒரு காலி நாற்காலி. அதன் முன்னே, பொன்னெழுத்தில் அவர் பெயர்.

வெள்ளைக் கையுறை அணிந்த பணியாளர் குனிந்து கேட்டார்: “அம்மையார் வருகிறாரா?”

நான் திருப்பத்தூரில் முப்பதாண்டுகள் இலக்கணம் நடத்தியவன். இறந்தகாலம் கற்பித்தே சம்பளம் வாங்கியவன். “கொஞ்சம் நேரமாகும்” என்றேன்.

அந்த அரண்மனையின் மரபு இது: பெயரட்டை உள்ள பெண்மணி அமராதவரை அந்த மேசைக்குப் பரிமாறமாட்டார்கள். பணியாளர் மூன்று முறை வந்து கேட்டார். மூன்று முறையும் “இதோ” என்றேன். ஒன்பதாம் மேசை இறைச்சிக்கு முன்னேறிவிட்டது. எங்கள் மேசையில் ஒரு விஞ்ஞானி ரொட்டித் துணுக்குகளை விரலால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார்.

“இன்னா கேக்குறாரு அந்த ஆளு, வந்து வந்து?” என்றார் காளியம்மா.

மொழிபெயர்ப்பதுதானே என் வேலை? பெயர்த்தேன். என் பதில்களையும் சேர்த்து.

அவர் நாற்காலியைப் பார்த்தார். பிறகு என்னை.

“அந்தம்மாவுக்கு வாய்க்கரிசி போட்டவ நானு. நீங்க இன்னா சார், இந்த மேசைக்கே வாய்க்கரிசி போடப் பாக்குறீங்க? ஏழு பேரு பட்னி. சொல்லிடுங்க.”

“எப்படிச் சொல்வது?”

“எனுக்கு இங்கிலீசு தெரிஞ்சா இந்நேரம் சொல்லிட்டு சூப்பு குட்ச்சிருப்பேன்.”

பணியாளர் நான்காம் முறை குனிந்தார்.

“என் மனைவி இறந்துவிட்டார்.”

ஏழு மாதங்களில் அந்த வாக்கியத்தை வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் தடவை. மலையில் சொல்ல வேண்டிய தேவை எழவில்லை. அங்கே எல்லாருக்கும் தெரியும்.

பணியாளர் முகம் வெளுத்தது. “எந்த அறையில், ஐயா?”

ஆக, இரண்டாவது முறையும் சொல்ல நேர்ந்தது — இங்கல்ல, எங்கள் மலையில், இன்றல்ல, பங்குனியில். இரண்டாம் முறை அவ்வளவு கடினமாக இல்லை.

நாற்காலியை எடுத்துச் சென்றனர். சூப் வந்தது. காளியம்மா ஒரு வாய் குடித்துவிட்டு என் பக்கம் சாய்ந்தார்.

“இதுக்கா சார் இவ்ளோ பாடு? உப்பே இல்ல.”

ஊர் திரும்பிவிட்டேன். அரண்மனையில் சொன்னதை இனி இங்கேயும் சிலரிடம் சொல்ல வேண்டும். இதுவரை செய்யாதவை:

ரேஷன் அட்டையில் பெயர் நீக்க மனு.

கண் மருத்துவமனைக்குத் தகவல். பரிசோதனைக்கு வரச் சொல்லி அவரை மாதந்தோறும் அழைக்கிறார்கள். “சொல்கிறேன்” என்று வைத்துவிடுகிறேன்.

பால்காரரிடம், இனி அரை லிட்டர் போதும் என்பது. இன்று காலையும் ஒரு லிட்டர்தான் வாங்கினேன். தயிர் வேண்டுவோர் வரலாம்.