இரண்டு பேருக்கான சீட்டு

போன ஞாயிற்றுக்கிழமை ஆக்லாந்தின் வடக்கே ஆல்பனியில் அந்தத் தைவான் டம்ப்ளிங் கடைக்குப் போயிருந்தேன். வாசலில் குடும்பம் குடும்பமாகக் கூட்டம். தள்ளுவண்டியில் குழந்தைகள், கைத்தடியோடு சீனத் தாத்தாக்கள், பிறந்தநாள் பலூனோடு ஒரு கும்பல். முன்னால் நின்ற பெண் எத்தனை பேர் என்று கேட்டாள். ஒரு விரலைக் காட்டினேன். உடனே உள்ளே கூட்டிக்கொண்டு போய், நீள மேஜையில் இரண்டு குடும்பங்களுக்கு நடுவே கிடந்த ஒற்றை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாள். தனி ஆளாக இருப்பதில் எனக்குத் தெரிந்து இந்த ஊரில் கிடைக்கும் ஒரே சலுகை அதுதான். வெளியே காத்திருந்தவர்கள் என்னைப் பொறாமையாகப் பார்த்தார்கள். பார்த்துக்கொள்ளட்டும்.

டம்ப்ளிங் சாப்பிடாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நம் கொழுக்கட்டைக்கு அது தூரத்துச் சொந்தம். மேல்மாவு கோதுமை, உள்ளே காய்கறியோ இறாலோ பன்றிக்கறியோ இருக்கும். உச்சியில் புடவைக் கொசுவம் போலப் பொடிப் பொடியாக மடித்து, மூங்கில் கூடையில் ஆவி கட்டிக் கொண்டுவந்து வைப்பார்கள். மூடியைத் திறந்ததும் ஈர மூங்கிலும் இஞ்சியும் கலந்து ஒரு வாசம் வரும் பாருங்கள், அந்த வாசம் மூக்கில் ஏறியதும் நான் ஆல்பனியில் இல்லை. பாட்டனி டவுன்ஸில், இதே கடையின் இன்னொரு கிளையில், கௌரி அக்காவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன்.

அப்போது நான் இருந்தது பாபகூராவில். வேலை ஆல்பனியில். ஆக்லாந்து தெரிந்தவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். திருச்சியில் உட்கார்ந்து மேப்பைப் பார்த்து அறை பிடித்தவள் நான். மேப்பில் இரண்டும் ஒரு ஜாண் தூரத்தில்தான் இருந்தன. வந்து பார்த்தால் ஒன்று ஊரின் தெற்குக் கோடி, மற்றது வடக்குக் கோடி. ரயில், பஸ், மறுபடி பஸ் என்று போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். சாப்ட்வேரில் தப்புக் கண்டுபிடிப்பது என் உத்தியோகம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வீட்டில் பக்கத்து அறையில் இருந்தவள்தான் கௌரி அக்கா. யாழ்ப்பாணத்துக்காரி, என்னைவிட எட்டு வயது மூத்தவள், பாட்டனி டவுன்ஸில் திரைச்சீலையும் படுக்கைவிரிப்பும் விற்கும் கடையில் வேலை. ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று அவளும் என்னைக் கேட்டதில்லை, நானும் அவளைக் கேட்டதில்லை. எங்கள் சிநேகிதத்துக்கு அஸ்திவாரமே அதுதான் என்று நினைக்கிறேன். வந்த முதல் வாரம் குளிரில் பல் கிட்டிப்போய்க் கிடந்தேன். கதவைத் தட்டி, தன் கடையில் வாங்கிய தடித்த போர்வையை என்மேல் போட்டுவிட்டு, "நீர் என்ன பிள்ளை, விறைச்சுச் சாகவோ இஞ்ச வந்தனீர்?" என்று கேட்டாள். அன்றிலிருந்து எனக்கு இந்த ஊரில் ஆள் என்றால் அவள்தான். வேறு ஒருத்தரும் இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, நான் அப்படிப்பட்ட ஜென்மம்.

வீட்டுக்காரர்கள் வயதான தம்பதி, நல்லவர்கள்தான், ஆனால் சமையலறையில் முட்டையைக்கூட விடமாட்டார்கள். சுவர்களோ வெறும் அட்டை. என் அறையில் நான் தும்மினால் ஹாலிலிருந்து 'ப்ளெஸ் யூ' வரும். அப்படிப்பட்ட வீட்டில் மனம்விட்டு என்ன பேச முடியும், சொல்லுங்கள். எங்கள் பேச்சையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்குச் சேர்த்து வைத்துக்கொள்வோம். அன்றைக்கு அக்காவுக்கு ஒரு மணியோடு வேலை முடியும். நான் பஸ் பிடித்துப் போவேன். அவள் கடைக்கு நாலு எட்டில் டம்ப்ளிங் கடை.

அங்கே ஒரு சட்டம் உண்டு. எத்தனை பேர் என்று சொல்லிச் சீட்டு வாங்க வேண்டும், அத்தனை பேரும் வந்து நின்றால்தான் மேஜை. என்னைப் போன்ற ஆளுக்கு இதைவிடக் கொடுமை உண்டா? நான் தலைக்கு ஷாம்பு போட்டுக்கொண்டே 'வந்துட்டே இருக்கேன்க்கா' என்று மெசேஜ் அனுப்புகிறவள். பஸ் ஏறும்போது 'பக்கத்துல வந்துட்டேன்'. இது பொய்யே இல்லை, மனசு கிளம்பிவிட்டது, உடம்பு பின்னால் வரும், அவ்வளவுதானே. எங்கள் நம்பரைக் கூப்பிடும்போது நான் பாத்ரூம் போயிருப்பதாக அக்கா சொல்லிவிடுவாள். சீட்டுக் கொடுக்கும் தைவான் பெண்ணுக்கு இந்த நாடகம் நன்றாகவே தெரியும். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு உட்கார வைத்துவிடுவாள்.

"உமக்காகப் பொய் சொல்லிச் சொல்லியே நான் நரகத்துக்குப் போகப்போறன்" என்பாள் அக்கா.

"அங்கயும் நம்பர் வாங்கி வைங்கக்கா, நான் பின்னாடியே வந்துடறேன்."

அங்கே சமையலறைக்குக் கண்ணாடிச் சுவர். உள்ளே முகமூடி, தொப்பி, கையுறையோடு வரிசையாக நின்று மாவை உருட்டி, தட்டி, மடித்துக்கொண்டே இருப்பார்கள். "ஒப்பரேஷன் தியேட்டர் மாதிரி எல்லோ இருக்கு" என்று அக்கா வாராவாரம் சொல்வாள். வாராவாரம் நானும் சிரிப்பேன். புதிதாக எதையாவது சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாத ஒரு ஆள் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

முதல் நாளே நான் ஒரு கட்டளை போட்டிருந்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது. ஒரே கிண்ணத்து வினிகரில் இரண்டு பேரும் தொட்டுச் சாப்பிடுவோம், அதனால் மேஜையில் கறி, மீன் எதுவும் கூடாது, வாசம் பட்டாலே எனக்குக் குமட்டும் என்று படபடவென்று சொல்லிவிட்டேன். மெனுச் சீட்டில் பென்சிலால் டிக் போட வேண்டும். அக்காவின் கை ஒரு நொடி நின்றது. பிறகு, "ஓம், பரவாயில்லை, எனக்கும் மரக்கறிதான் விருப்பம்" என்று சொல்லிக் கீரை டம்ப்ளிங்குக்கும் காளான் டம்ப்ளிங்குக்கும் டிக் போட்டாள். மூன்று வருடமும் அந்த இரண்டுதான். எங்களுக்குள் எவ்வளவு பொருத்தம் பார்த்தாயா என்று அம்மாவிடம் போனில் பீற்றிக்கொண்டேன்.

அக்காவின் தங்கை மெல்பர்னில் இருந்தாள். அங்கே முதியோர் இல்லத்தில் நல்ல வேலை இருக்கிறது, வா வா என்று ஒரு வருடமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். சுவர் வழியாக எனக்கும் எல்லாம் கேட்கும். அக்கா பிடிகொடுக்காமல் பேசுவாள், எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும். ஒரு வாரம் அந்தப் பேச்சின் சுருதி மாறியது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா என் கதவருகே வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "ஞாயிற்றுக்கிழமை நேரத்துக்கு வாரும். உம்மோட ஒண்டு கதைக்கோணும்."

என்ன கதைக்கப்போகிறாள் என்று எனக்கா தெரியாது? போகிறேன் என்று சொல்லப்போகிறாள். எல்லாவற்றையும் முடிவு பண்ணிவிட்டு, கடைசியில் எனக்குத் தகவல் சொல்லக் கூப்பிடுகிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழுகைதான், ஆனால் எனக்கு அழுகை எப்போதும் கோபம் மாதிரிதான் வெளியே வரும். போறவ போகட்டுமே, நான் எதுக்கு நேரத்துக்குப் போய்க் கேக்கணும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கே குளித்துத் தயாராகிவிட்டேன். தயாராகிவிட்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு ஐந்து சட்டைகளை இஸ்திரி போட்டேன், அதில் இரண்டு ஏற்கெனவே போட்டவை. "வெளிக்கிட்டிட்டீரோ?" என்று மெசேஜ் வந்தது. 'பஸ்ல இருக்கேன்க்கா' என்று கட்டிலில் உட்கார்ந்தபடி அனுப்பினேன். ஸ்டாப்புக்குப் போய், வந்த பஸ்ஸைப் போகவிட்டேன். டெய்ரி என்று இங்கே சொல்லும் தெருமுனைப் பெட்டிக்கடையில் வேண்டாத பாலும் ரொட்டியும் வாங்கினேன். காத்திருக்கட்டும், அப்போதுதான் என் அருமை தெரியும் என்று நினைத்தேன். முப்பத்தாறு வயதுப் பெண்பிள்ளை செய்கிற காரியமா இது?

கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது நாலு மணி. அக்கா இல்லை. சீட்டுக் கொடுக்கும் பெண் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். உன் சிநேகிதி ரொம்ப நேரம் நின்றாள், மூன்று முறை நம்பர் போய்விட்டது, நானே உட்காரச் சொன்னேன், அவள்தான் நீ வரட்டும் என்று சொல்லிவிட்டாள் என்றாள். பிறகு அவளாகவே சீட்டை நீட்டி மாற்றித் தரச் சொன்னாளாம். மேஜையிலேயே கிடந்த அந்தச் சீட்டை எனக்குக் காட்டினாள். இரண்டு என்று எழுதியிருந்ததை அடித்து, பக்கத்தில் ஒன்று என்று எழுதியிருந்தது.

"அப்ப சாப்பிட்டாங்களா?" என்று கேட்டேன், ஆங்கிலத்தில்தான்.

நன்றாகச் சாப்பிட்டாள் என்று அந்தப் பெண் சந்தோஷமாகச் சொன்னாள். இறாலும் பன்றிக்கறியும் வைத்தது ஒரு கூடை, பன்றிக்கறி மட்டும் வைத்தது இன்னொரு கூடை, ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை.

அடிப்பாவி, பன்றிக்கறியா! சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்த நினைப்பு அதுதான். மேஜையில் அவளில்லை, அவள் சொல்ல வந்தது என்னவென்று தெரியாது, நான் நின்றுகொண்டு பன்றிக்கறியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் மெதுவாக உறைத்தது. வீட்டிலும் முட்டை கிடையாது, வாரத்துக்கு ஒரு நாள் வெளியே சாப்பிட்டால் அங்கேயும் என் எதிரே கீரை. மூன்று வருடம்! ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நான் கேட்டிருக்கலாம்.

வீட்டுக்குள் நுழையும்போது அக்கா பின்வாசல் படியில் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் இருந்தாள். "ஓம். ஓம். வாறன் எண்டு சொல்லு" என்றது காதில் விழுந்தது. பேசி முடித்துத் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபம் எதுவும் இல்லை முகத்தில்.

"சாப்பிட்டீரோ?"

"சாப்பிட்டேன்க்கா" என்றேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

"என்னமோ பேசணும்னீங்களே?"

"அது ஒண்டும் இல்லை, விடும்."

விட்டேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு என்று நினைக்கிறேன், தாமதமாகப் போனதைவிட. ஆறு வாரத்தில் அக்கா மெல்பர்ன் போய்விட்டாள். விமான நிலையத்தில் இரண்டு பேரும் பெட்டியின் எடையைப் பற்றி மட்டும் பேசினோம். முதல் வருடம் வாராவாரம் போன் பேசினோம். பிறகு மாதத்துக்கு ஒருமுறை. பிறகு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் யாரோ அனுப்பிய படத்தை அவள் எனக்கு அனுப்புவாள், நானும் யாரோ அனுப்பியதை அவளுக்கு அனுப்புவேன்.

ஏழு வருடம் ஆகிறது. அந்த பாபகூரா வீட்டை இடித்துவிட்டு ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு ஆறு டவுன்ஹவுஸ் கட்டியிருக்கிறார்கள், எங்கள் பின்வாசல் படி இருந்த இடத்தில் குப்பைத்தொட்டிகள். தைவான் பெண் படிப்பை முடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். கடையில் பென்சில் இல்லை, டிக் போடும் தாள் இல்லை, போனைக் காட்டினால் மெனு வருகிறது. நான் ஆல்பனிக்கே குடிவந்துவிட்டேன், ஆபீசுக்கு நடந்து பத்து நிமிடம். முன்பு போக்குவரத்தில் கரைந்த நாலு மணி நேரம் இப்போது தினமும் மிச்சம். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூடையில் ஐந்துக்கு மேல் எனக்கு இறங்கவில்லை. மிச்சத்தைக் கட்டி வாங்கிக்கொண்டு கார் பார்க்குக்கு வந்து என் காரில் ஏறினேன். என்ன தோன்றியதோ, போட்டுவிட்டேன் போனை. மூன்றாவது மணியில் எடுத்தாள்.

"என்ன பிள்ளை, அதிசயமா எடுத்திருக்கிறீர்? சுகமா இருக்கிறீரோ?"

சுகத்தைச் சொன்னேன். அவள் குளிரைச் சொன்னாள், மோர்ட்கேஜைச் சொன்னாள், தங்கை மகள் கார் ஓட்டப் பழகுவதைச் சொன்னாள். இரண்டு பேருக்கும் விஷயம் தீர்ந்துபோனது. அப்போதுதான் சொல்லிவிட்டேன்.

"அக்கா, அன்னிக்கு நான் பஸ்ல இல்ல. வேணும்னேதான் லேட்டா வந்தேன். நீங்க போறேன்னு சொல்லப்போறீங்கன்னு கோவம்."

எந்த நாள் என்று அவள் கேட்கவில்லை.

"நான் போறன் எண்டு சொல்ல வரேல்லை" என்றாள். "போகாதையுங்கோ எண்டு நீர் ஒரு சொல்லுச் சொன்னா நிண்டிருப்பன். அதைக் கேக்கத்தான் வரச் சொன்னனான். ரெண்டு மணித்தியாலம் பாத்தன். பிறகு பசிச்சுது. சாப்பிட்டன். தனியச் சாப்பிடவும் ஏலும் எண்டு அண்டைக்குத்தான் எனக்கு விளங்கினது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நல்ல சிரிப்புத்தான், குத்தல் ஒன்றும் இல்லை அதில். தங்கை கூப்பிடும் சத்தம் கேட்டது. "சரி பிள்ளை, பிறகு கதைப்பம்" என்று வைத்துவிட்டாள்.

அவளுக்கு ஒரே மத்தியானத்தில் விளங்கியது எனக்கு ஏழு வருடமாக விளங்கவில்லை. கார் கண்ணாடிகளை ஏற்றிவிட்டேன். பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "போகாதீங்கக்கா" என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். அதைச் சொல்லி முடிக்க ஒரு வினாடிகூட ஆகவில்லை.