விடுபட்ட பதினாறு வசனங்கள்

எங்கள் வீட்டில் வேதாகமத்தைத் தாவித் தாவி வாசிக்க முடியாது. அது அப்பாவின் சட்டம். விரும்பிய பக்கத்தைத் திறந்து இனிப்பான வசனமாகப் பார்த்து எடுப்பது, மிக்சர் பொட்டலத்தில் கச்சான் கடலையை மட்டும் பொறுக்குவது மாதிரி என்பார். மாலை ஜெபத்தில் வரிசையாக வாசிப்போம். நிறுத்திய இடத்தில் சிவப்பு நாடாவை வைப்போம். வாசித்து முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்விகள் வரும். இதில் உனக்கு என்ன ஆறுதல்? என்ன கட்டளை? ஆறுதலை மட்டும் சொல்லிவிட்டு எழும்ப விடமாட்டார்.

எனக்கு அது பரீட்சை மாதிரி. கேள்வி முடியுமுன்னே கையை உயர்த்திவிடுவேன். மாமாவுக்கு அந்தக் கவலையே இல்லை. அம்மாவின் தம்பியான அவர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெளிநாடு போவதற்காக கொழும்பில் எங்கள் வெள்ளவத்தை வீட்டில் காத்திருந்தார். நான் என்ன சொன்னாலும், "எனக்கும் அதுதான்" என்பார்.

"சொந்தமா யோசியுங்கோ மாமா!"

"மூளையை விசாவோட சேர்த்து அனுப்பிப்போட்டன், பிள்ளை. வந்தாப்பிறகு யோசிக்கிறன்."

அது போர்க்காலம். ஒரு விடியற்காலைப் பொலிஸ் சுற்றிவளைப்பில் மாமாவைக் கொண்டுபோனார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம். வேறு காரணம் எதுவும் சொல்லவில்லை. பகலில் கீழ்வீட்டு அன்ரி மேலே வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, உங்கட மனுசனைப் பொலிசுக்குப் போக விடாதேங்கோ. தேடிப்போற ஆம்பிளையளையும் பிடிச்சு வைக்கிறாங்கள். இஞ்ச பக்கத்தில பாமன்கடையில மகனைக் கேட்டுப் போன மனுசன் இன்னும் வீட்டுக்கு வரேல்ல."

அப்பா அன்று கந்தோர் வேலைக்குப் போகவில்லை. அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். "ஒரு லோயரைப் பிடிப்பம். நீங்கள் போகவேண்டாம்" என்று அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். அப்பா நடந்துகொண்டேயிருந்தார்.

அன்று மாலையும் ஜெபம் நடந்தது. அப்பா நாடா கிடந்த இடத்தைத் திறந்து வாசிக்கத் தொடங்கினார். ஒரு பெண் இயேசுவின் தலையில் பரிமள தைலத்தை ஊற்றுகிறாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்பா, பிழை! நேற்று தாலந்தை மண்ணில புதைச்சவனோட முடிச்சனாங்கள். நடுவில செம்மறியாடும் வெள்ளாடும் விட்டுப்போச்சு!"

எனக்கு அது தெரியாமல் போகுமா? ஞாயிறு பாடசாலை நாடகத்தில் இடதுபக்கம் நின்று நரகத்துக்குப் போன வெள்ளாடு நான்தான்.

அப்பா ஒரு தாளைப் பின்னால் புரட்டிப் பார்த்தார். "நாடாவை ஆர் மாத்தினது?"

"தூசி தட்டேக்க விழுந்திருக்கும்," என்றார் அம்மா, பாயைப் பார்த்தபடி. "இண்டைக்கு இதையே வாசியுங்கோ. பிள்ளைக்கு நித்திரை வருது."

"எனக்கு நித்திரை வரேல்ல!"

அப்பா புத்தகத்தை என் மடியில் வைத்தார். மேடையில் நிற்பதுபோல ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். பசித்தவன், அந்நியன், வியாதிக்காரன், காவலில் கிடந்தவன். அவர்களைப் பார்க்கப் போகாதவர்களையெல்லாம் ராஜா இடதுபக்கத்தில் நிறுத்துகிறார்.

"என்ன ஆறுதல்?"

"மாமா இருக்கிற இடத்தில இயேசுவும் இருக்கிறார்."

"கட்டளை?"

"நாளைக்குப் போய் மாமாவைப் பார்க்கவேணும்."

இவ்வளவு லேசான பகுதி எங்களுக்கு வந்ததே இல்லை. கெட்டிக்காரி என்று சொல்வார் எனக் காத்திருந்தேன். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "எனக்கும் அதுதான்" என்றார்.

அம்மா எழுந்து குசினிக்குப் போனார். தண்ணீர்க் குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் அப்பா கோயிலுக்கு உடுக்கும் வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு, மாமாவுக்கு மாற்றி உடுக்க ஒரு சாரமும், சாப்பிடப் பாணும் சம்பலுமாகப் புறப்பட்டார். அம்மா பகல் முழுவதும் ஜன்னலை விட்டு அசையவில்லை. அப்பா திரும்பி வரவேண்டிய கோல்பேஸ் பக்கமிருந்து வந்த ரயில்கள் எல்லாம் அவர் இல்லாமல் போயின. பொழுது சாயும் நேரத்தில் அப்பா படியேறி வந்தார். கண்ணாடியில் ஒரு பக்கம் இல்லை. இடது காது வீங்கிக் கறுத்திருந்தது.

"இருக்கிறான்," என்றார். "தூரத்தில வச்சுக் காட்டினவங்கள்."

எங்கள் வீட்டில் ஒருவர் மாமாவைக் கண்டது அதுதான் கடைசி. எந்த முகாமுக்கு மாற்றினார்கள் என்பதை அதன்பின் எவரும் சொல்லவில்லை.

அன்று எனக்கோ ஒரே சந்தோசம். நான் சொன்ன கட்டளை நிறைவேறிவிட்டது. மாமா பாணைச் சாப்பிட்டாரா, என்னைக் கேட்டாரா என்று அப்பாவைத் துளைத்தேன். அம்மா ஒன்றுமே கேட்கவில்லை. அப்பாவின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, காதைத் தொட்டு, தோளைத் தொட்டு, விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். கூடப்பிறந்த தம்பியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அது எனக்குப் பெரிய குற்றமாகப் பட்டது. மறுநாள் காலை, பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிவிடும்போது கேட்டேவிட்டேன்: "அம்மா, உங்களுக்கு மாமாவில விருப்பமில்லையா?"

சீப்பு நின்றது. பிறகு முன்னைவிட இறுக்கமாகப் பின்னத் தொடங்கினார். நோகுது என்று நான் கத்தினேன்.