குடலோடு சுட்ட மீன்

யாராவது எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டால் முதலில் சந்தேகப்படுவோம். என்ன உடுத்துவது என்று பிறகுதான் யோசிப்போம். வாப்பாவின் மேனேஜர், ஒரு ஜப்பான்காரர், குடும்பத்தோடு விருந்துக்கு அழைத்தபோது எனக்குப் பத்து வயது. சந்தேகப்படுவதில் மட்டும் நாற்பது.

சன்னிவேலில் டாட்காம் கம்பெனிகள் வரிசையாகப் படுத்துக்கொண்டிருந்த கோடை அது. வாப்பாவின் ஆபீஸிலிருந்தும் வாரந்தோறும் யாராவது அட்டைப்பெட்டியோடு வெளியே வந்தார்கள். வேலை போனால் விசா போகும். விசா போனால் நாங்கள் கீழக்கரைக்குப் போகவேண்டும். இதையெல்லாம் காரின் பின்சீட்டில் தூங்குவதுபோல் நடித்துத் தெரிந்துவைத்திருந்தேன்.

"எதுக்கு இப்ப திடீர்னு விருந்து?" என்றாள் உம்மா.

"சீசனாம். அயுன்னு ஒரு ஆத்து மீனு. ஜப்பான்லேர்ந்து ஃப்ளைட்ல வருதாம்."

கடற்கரை ஊரில் பிறந்த உம்மாவுக்கு ஆற்று மீன் மீனிலேயே சேர்த்தியில்லை. "சேத்து வாடை அடிக்குமே. அத ஃப்ளைட்ல வேற ஏத்துறாங்களா?"

சான்டா கிளாராவில் அந்த உணவகம். செருப்பைக் கழற்றச் சொல்லி, பாய் விரித்த தரையில் உட்காரவைத்தார்கள். இதற்கு எதற்கு அமெரிக்கா வந்தோம் என்று உம்மா தமிழில் கேட்டாள். மேனேஜர் புரிந்தவர்போல் தலையாட்டினார்.

"சமையல்ல வைன் ஊத்திருப்பாங்க. கேளுங்க," என்று உம்மா வாப்பாவை இடித்தாள். வாப்பா வாயைத் திறப்பதற்குள் மேனேஜரே, "ஒன்லி சால்ட். ஐ ஆஸ்க்ட் த குக்," என்றார்.

"பாத்தீங்களா? நாம கேக்காமலே சொல்றாரு," என்றாள் உம்மா. அவளுடைய சந்தேகம் இரட்டிப்பானது. எனக்கும்தான்.

மீன்கள் வந்தன. சின்னச் சின்ன மீன்கள், குச்சியில் வளைத்துக் கோத்து, இன்னும் நீந்திக்கொண்டிருப்பதுபோல் சுட்டிருந்தார்கள். செதிலெல்லாம் உப்பு. "இட்ஸ் லுக்கிங் அட் மீ," என்றேன். யாரும் மறுக்கவில்லை. தலை முதல் வால் வரை அப்படியே சாப்பிடவேண்டும், குடலின் கசப்புதான் ருசியே என்று மேனேஜர் விளக்கினார். உம்மாவின் காதில் அது ஏறவில்லை. அவள் கீழக்கரைப் பெண் எந்த மீனைக் கண்டாலும் செய்வதைச் செய்தாள்: செவுளைத் தூக்கிப் பார்த்தாள். முழுக்க வெந்த மீனின் செவுளை. பிறகு தன் மீனையும் என் மீனையும் வயிற்றைப் பிளந்து, குடலை விரலால் வழித்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினாள்.

"பாவம், ஆயாம போட்டுட்டாங்க. ஆள் பத்தல போல," என்று சமையற்கட்டின் பக்கம் இரக்கத்தோடு பார்த்தாள்.

மேனேஜரின் கை அந்தரத்தில் நின்றது. முகம் விழுந்துவிட்டது.

எங்கள் வாப்பா பாகற்காய் வதங்கும் வாசனைக்கே எழுந்து வாசலுக்குப் போகிறவர். அவர் தன் மீனைத் தலையோடு கடித்தார். குடலையும் மென்றார். பிறகு உம்மா ஒதுக்கிவைத்த குடலை எடுத்து அதையும் தின்றார். "வெரி குட்," என்று சொல்லி இன்னொரு மீன் கேட்டார். மேனேஜர் சிரித்தார், தன் அப்பா ஊர் ஆற்றில் இந்த மீன் பிடித்த கதையை நெடுநேரம் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்ததைக் கரிப்புகையின் கணக்கில் எழுதினேன்.

வாப்பா காக்கா பிடிக்கிறார் என்பது எனக்குச் சந்தேகமறத் தெரிந்துவிட்டது. காரில் கேட்டேன்: "வாப்பா, யூ வேர் ஃபேக்கிங் இட். ஸோ ஹி வோன்ட் ஃபயர் யூ."

உம்மா என்னை அதட்டத் திரும்பினாள். ஆனால் அவளும் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"ஆமா புள்ள. நல்லா நடிச்சேனா?"

"பி ப்ளஸ்," என்றேன் கறாராக.

அடுத்த வாரம் வாப்பாவும் அட்டைப்பெட்டியோடு வந்தார். நடிப்பு போதவில்லை என்று தீர்ப்பு எழுதினேன். கீழக்கரைக்குத் திரும்பிப் பல வருடங்களாகியும் அந்தத் தீர்ப்பை நான் திருத்தவில்லை.

நானும் ஒரு மேனேஜராகி, முதன்முதலாக ஒருவரை வேலையைவிட்டு அனுப்பவேண்டி வந்த அன்று, வாப்பாவுக்கு போன் செய்து புலம்பினேன். அப்போது அவர் போகிறபோக்கில் சொன்னதைக் கேட்ட பிறகுதான், போய்விட்ட வேலைக்காக யாரும் காக்கா பிடிப்பதில்லை என்பது இந்த மண்டையில் ஏறியது.

"அந்த மீன் விருந்து அன்னிக்கு மத்தியானமே ரூமுக்குக் கூப்பிட்டு எனக்குச் சொல்லிட்டாரும்மா. சொல்லிட்டு, 'இனிமே நீங்க விருந்துக்கு வரமாட்டீங்கல்ல'ன்னு கேட்டாரு. நான்தான், 'ஏன் வரமாட்டோம், பசியோட வர்றோம்'னேன்."