ஒரே போர்வை

என் நாத்தனார் அய்ஜிரெக்குக்குப் பத்தொன்பது வயது. நாரின் என்கிற மலையூரில் ரொட்டி சுடுகிறாள். யாரோடு ஒரே போர்வையில் படுத்தாலும் அவர்கள் கனவுக்குள் போய்விடுவாள். மறுநாள் அடுப்படியில் எல்லாவற்றையும் உளறியும் விடுவாள், ஓட்டைவாய்! அதனால் அவளுக்குத் தனிப் போர்வை.

போன பனிக்காலத்தில் குளிர் தாங்காமல் என் போர்வைக்குள் நுழைந்துவிட்டாள்.

காலையில் வழக்கம்போல் வாளியோடு ஆற்றுக்குக் கிளம்பினேன். கெட்ட கனவை ஓடுகிற தண்ணீரிடம் சொன்னால் அது கொண்டுபோய்விடும் என்பார்கள். பனிச்சரிவில் செத்துப்போன என் புருஷன் துராத், இரண்டு வருஷமாகக் கனவில் வந்து குதிரைக்குச் சேணம் கட்டிக்கொண்டிருந்தார். எத்தனை கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். தினமும் அதைத்தான் ஆற்றிடம் சொல்லி வந்தேன்.

“அண்ணி, இன்னைக்கு ஆத்துக்குப் போகாதீங்க.”

“என் கனவுக்குள்ள வர உன்னை யாருடி கூப்பிட்டா? போ, இதையும் ஊரெல்லாம் தம்பட்டம் அடி!”

“நீங்க முதுகைத்தான பாக்குறீங்க? நான் குதிரைக்கு அந்தப் பக்கம் போய்ப் பாத்தேன். அண்ணன் அழுதுட்டு இருந்தான். நீங்க பாத்துடக் கூடாதுன்னுதான் திரும்பல.”

வாளியைக் கீழே வைத்தேன். அவளுடைய தனிப் போர்வையை மடித்து, விருந்தாளிகளுக்கான அடுக்கில் வைத்துவிட்டேன்.