திருவனந்தபுரம்: சோர்வு

ஒருவன் மனசில் என்ன இருக்கிறது என்பது அவன் பெண்டாட்டிக்கே சரியாகத் தெரியாது. ஒரு ஊரின் மனசில் என்ன இருக்கிறது என்று மதராஸில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு ஒருவன் வாராவாரம் எழுதி அனுப்புவானாம். அதற்கு வருஷச் சந்தா வேறு கட்ட வேண்டுமாம். கட்டினார்களே, அந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்ல? திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் குடியிருந்த பொன்னம்மையும் கட்டினாள். சுதந்திரம் வந்து ஆறேழு வருஷம் ஆகியிருந்தது அப்போது.

அந்தத் தாளுக்கு 'சந்தை நாடி' என்று பெயர். சைக்ளோஸ்டைல் அடித்த நாலு பக்கம், தமிழில், சனிக்கிழமைத் தபாலில் வரும். முன்பக்கத்தில் பங்குகளின் விலை இருக்கும். அது பேப்பரிலும் கிடைக்கும். சந்தா கட்டியது கடைசிப் பக்கத்துக்காக. அதில் 'ஊர் மனசு' என்று தலைப்புப் போட்டு, மதுரை, கோயம்புத்தூர், திருநெல்வேலி, திருவனந்தபுரம் என்று வரிசையாக, அந்தந்த ஊரில் பங்கு வைத்திருப்பவர்கள் எந்த மனநிலையில் இருக்கிறார்கள் என்று போட்டிருக்கும். உற்சாகம், மந்தம், சோர்வு. இந்த மூன்றில் ஏதாவது ஒன்று. மனுஷ மனசை மூன்று டப்பாவில் அடைத்துவிட்டார்கள், மகா கெட்டிக்காரர்கள்.

பொன்னம்மைக்கு எதற்கு இந்த வம்பு என்று கேட்கலாம். அவள் புருஷன் பொன்முடிப் பக்கம் நீலங்கல் டீ கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்து, மலைக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவர். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, புருஷனின் தம்பி பகவதிப்பெருமாள், சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரியிடம் கணக்கர், எல்லோர் முன்னாலும் சொன்னார்: "மைனி எங்க போவா? நம்ம அடுக்களையில ஒரு பக்கமா இருந்துகிடட்டும். பிச்சம்மாளுக்கும் ஒரு கைத்துணை ஆச்சுல்லா." பிள்ளை குட்டி இல்லாத அண்ணன் பெண்டாட்டிக்குச் சோறு போடுகிற பெருந்தன்மை என்று சபை தலையாட்டியது. சம்பளமில்லாத சமையல்காரி என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று பொன்னம்மைக்குப் புரிந்துவிட்டது. அவள் தன் வளையையும் அட்டியலையும் விற்று, புருஷன் உயிரை விட்ட அதே கம்பெனியின் பங்குகளை வாங்கிப்போட்டாள். ஸ்ரீவராகத்தில் இரண்டு முறி, அதாவது இரண்டு அறை, உள்ள வீட்டை வாடகைக்குப் பிடித்தாள்.

அன்றிலிருந்து அந்தப் பங்குகள் தந்த டிவிடெண்டில்தான் அவள் அடுப்பு எரிந்தது. ருசியாகச் சாப்பிட்டாள் என்று சொல்லமாட்டேன். ஆனால் எப்போது உலை வைப்பது, எதைக் கொதிக்கவிடுவது என்று அவளே முடிவு செய்தாள். நினைத்த நேரத்துக்குக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாள். இது பெரிய விஷயமா என்று ஆம்பிளைகள் கேட்பார்கள். கொழுந்தன் வீட்டுப் பின்கட்டில் ஒரு மாசம் கிடந்து பார்த்துவிட்டுக் கேட்கட்டும்.

இடையில் தேயிலை விலை விழுந்து ஒரு வருஷம் டிவிடெண்டே வரவில்லை. வைத்திருப்பதா விற்பதா என்று யாரைக் கேட்பது? கொழுந்தனைக் கேட்டால் கடிவாளம் அவர் கைக்குப் போய்விடும். அப்போதுதான் 'சந்தை நாடி' பற்றிக் கேள்விப்பட்டு மணியார்டர் அனுப்பினாள். யாரிடமும் போய் நிற்காமல் நாலு பேர் எண்ணத்தைத் தெரிந்துகொள்ளலாமே என்ற ரோஷம்தான் அவளை அதில் கொண்டுபோய் விட்டது.

அந்தத் தாளுக்குத் திருவனந்தபுரத்தில் நிருபர் ஒருவர் இருந்தார். அருமைநாயகம் என்று பெயர். மார்த்தாண்டத்துக்காரர், இன்ஷூரன்ஸும் பிடிப்பார், குடையை மடக்கி வாசலில் சாத்திவிட்டுத்தான் படியேறுவார். ஒருநாள் பொன்னம்மை வீட்டுக்கும் வந்தார். மோர் வாங்கிக் குடித்துவிட்டு, "நீலங்கல் பங்கு எப்பிடிம்மா இருக்கு?" என்று கேட்டார்.

அந்த வருஷம் டிவிடெண்டு மறுபடி வந்திருந்தது. மலையிலிருந்து வந்தவர்கள் கொழுந்து நன்றாகத் தளிர்த்திருக்கிறது என்றும் சொல்லியிருந்தார்கள். பொன்னம்மைக்கு உள்ளுக்குள் நல்ல சந்தோஷம். ஆனால் அவள் வாயில் வந்தது இது: "என்னத்த இருக்கு. ஏதோ ஓடுது. யாராவது கேட்டா தூக்கிக் குடுத்துட்டு நிம்மதியா இருக்கலாம்னு தோணுது."

நம்மவர்கள் சங்கதி தெரிந்ததுதானே. பத்தாயம் பிதுங்க நெல் வந்திருக்கும், கேட்டால் "விதைக்குத் தேறும்" என்பார்கள். பையன் முதல் வகுப்பில் பாஸ் பண்ணியிருப்பான், "ஏதோ தப்பிச்சான்" என்பார்கள். கொழுகொழுவென்று இருக்கிற குழந்தையைக் காட்டி, "சாப்பிடவே மாட்டேங்கு" என்று அங்கலாய்ப்பார்கள். நன்றாயிருக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லிவிட்டால் கண் பட்டுவிடும், இருக்கிறதும் போய்விடும். பாலோடு சேர்த்து ஊட்டுகிற பயம் இது. கேட்கிறவனும் இந்தப் பயத்தைக் குடித்து வளர்ந்தவன் என்றால் தொந்தரவில்லை. சொன்னதில் பாதியைத் தள்ளிவிட்டு மீதியைப் புரிந்துகொள்வான்.

அடுத்த சனிக்கிழமை தாள் வந்தது. 'திருவனந்தபுரம்: சோர்வு. தேயிலைப் பங்குகளைக் கைவிடும் எண்ணம் பரவலாக உள்ளது.' அதற்கடுத்த வாரமும் சோர்வு. அதற்கடுத்த வாரமும் சோர்வு.

தான் சொன்னது சும்மா, கண்ணுக்குப் பயந்து சொன்னது என்று பொன்னம்மைக்குத் தெரியும். மற்றவர்களும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள் என்று மட்டும் தோன்றவில்லை. அடுத்த வீட்டுக்காரன் சோர்வு நிஜம், தன்னுடையது மட்டும் பாவனை என்று நினைத்துவிட்டாள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல. அச்சில் வந்துவிட்டது அல்லவா, அதுதான் புத்தியை மறைத்துவிட்டது.

சரி, விசாரித்துப் பார்ப்போம் என்று பலசரக்குக் கடை நெல்லையப்பனிடம் கேட்டாள். அவரும் அந்தப் பங்கு வைத்திருந்தார். "என்னத்தச் சொல்ல அம்மா, ஏதோ கெடக்கு" என்று உதட்டைப் பிதுக்கினார். கடைசியில் வேறு வழியில்லாமல், இத்தனை வருஷ வைராக்கியத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, கோயில் நடையில் வைத்துக் கொழுந்தனையே கேட்டுவிட்டாள். பகவதிப்பெருமாள் நெற்றி விபூதியைத் தடவிக்கொண்டே, "ஏதோ ஓடுது மைனி. பின்னே நம்ம கையில என்ன இருக்கு?" என்றார்.

அந்த வாரமே பொன்னம்மை சாலைக் கடைத்தெருவுக்குப் போய், புரோக்கர் சாம்பசிவனிடம் பங்குகளைக் கொடுத்தாள். வாங்குகிறவர் பெயர் எழுதாத பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். அப்போதெல்லாம் அப்படித்தான் வழக்கம். பெயரைப் பிறகு நிரப்பிக்கொள்வார்கள். கிடைத்த விலை கிடைத்தது. முழுகுகிற தோணியிலிருந்து குதித்துவிட்டோம் என்றுதான் அன்று ராத்திரி அவள் நினைத்தாள்.

வருஷம் திரும்புவதற்குள் தேயிலை ஏறியது. சும்மா ஏறவில்லை, பேய் பிடித்தாற்போல் ஏறியது. பேப்பரைத் திறந்தால் தேயிலை, பஸ்ஸில் ஏறினால் தேயிலை. பொன்னம்மை விற்ற விலையைப்போல மூன்று மடங்குக்கு நீலங்கல் பங்கு நின்றது. அவள் கையில் இருந்த பணமோ வாடகைக்கும் அரிசிக்குமாகக் கரைந்துகொண்டிருந்தது. அது தீர்கிற அன்று எந்த வீட்டு அடுக்களை தனக்குக் காத்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

நேரே பாளையத்தில் அருமைநாயகம் வீட்டுக்குப் போனாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"நீரு என்ன எழுதி அனுப்பினீரு மதராஸுக்கு? ஊருல ஒருத்தனுக்கும் இல்லாத சோர்வு உமக்கு எங்கேருந்து கிடைச்சுது?"

அருமைநாயகம் முகம் சுருங்கிவிட்டது. "நான் பொய் எழுதல்லம்மா. நீங்க சொன்னதத்தான் எழுதினேன். யாராவது கேட்டா தூக்கிக் குடுத்துரலாம்னு தோணுதுன்னு சொன்னீங்கல்லா."

"அது கண்ணு படாம இருக்கச் சொல்லுகதுல்லா. இந்த மண்ணுல பிறந்த ஆளுதானே நீரு, தெரியாதா?"

"தெரியும்மா. எங்க அம்மையும் அப்பிடித்தான். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லிட்டு வந்து, வெளியில கேட்டா ஒண்ணும் சரியில்லேம்பா." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "மொதல்ல நான் அதையும் சேர்த்துத்தான் எழுதினேன். வாயில சோர்வு, உள்ளுக்குள்ள சந்தோஷம்னு. மதராஸ்ல இருந்து பதில் வந்துது. உமக்கு மனசு வாசிக்கச் சம்பளம் இல்ல, வாயில வந்தத மட்டும் அனுப்பும், மத்தத நாங்க பாத்துக்கிடுவோம்னு. அவங்க எண்ணிப் பார்த்து ஒரு வார்த்தை போடுவாங்க. அவ்வளவுதான்."

"பின்ன எதுக்கு ஊர் மனசுன்னு பேரு போட்டு எங்ககிட்ட காசு வாங்குகான் அவன்?"

அவள் கேட்டது நியாயம்தானே. மதராஸ்காரன் எங்களிடம் கேட்டு, எங்கள் வாயில் வந்ததைத் தப்பாகப் புரிந்து, அதையே எங்களுக்கு விலைக்கு விற்கிறான். அதை வாங்கிப் படித்துவிட்டு நாங்கள் பயந்து சாகிறோம். இதற்குப் பெயர் ஆராய்ச்சியாம். பொன்னம்மை குடையைக்கூட விரிக்காமல் வெயிலில் நடந்து சாலைக் கடைத்தெருவுக்கு வந்தாள். விற்றதில் ஒன்றிரண்டையாவது திரும்ப வாங்க முடியுமா என்று சாம்பசிவனைக் கேட்க வந்தாள்.

சாம்பசிவன் நல்ல மனுஷர். ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: "விசாரப்படாதேயுங்கோ அம்மா. பங்கு அந்நியன் கையிலயா போச்சு? குடும்பத்துக்குள்ளதானே இருக்கு. உங்க கொழுந்தனாருல்லே மொத்தமா எடுத்தது."

பொன்னம்மை அங்கிருந்து நேரே வலியசாலைக்கு நடந்தாள். கொழுந்தன் வீட்டுக்கு.

பகவதிப்பெருமாள் கடையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். அவர் மறைக்கவில்லை, மறைக்க வேண்டியதாக அவருக்குத் தோன்றவே இல்லை.

"அந்தத் தாளை நானும்தான் வாசிக்கேன் மைனி. திருவனந்தபுரம் சோர்வுன்னு கண்டதும் எனக்குச் சிரிப்பாணி வந்துது. நம்ம ஆளுக இவ்வளவு அழுதாங்கன்னா விஷயம் நல்லா இருக்குன்னுல்லா அர்த்தம். அந்த வாரமே சாம்பசிவன்கிட்ட சொல்லி வச்சேன், நீலங்கல் யாரு குடுத்தாலும் எடுத்துப்போடும்னு."

"நான் கோயில் நடையில வச்சு உம்மகிட்ட கேட்டேனே."

"கேட்டீங்க, ஏதோ ஓடுதுன்னு சொன்னேன். அதுல பொய் எங்க இருக்கு? நம்ம ஊருல வேற எப்பிடிச் சொல்லுவா? மைனிக்குப் புரியாம போகும்னு நான் கண்டேனா?"

இப்படிப்பட்ட ஆளை என்ன செய்ய? பொய்யும் சொல்லவில்லை, நிஜமும் சொல்லவில்லை. பயத்தில் உண்டான ஒரு பழக்கத்தை வைத்தே சொந்த அண்ணன் பெண்டாட்டியின் அடுப்பை அணைத்துவிட்டு, விரலில் சாம்பல்கூட ஒட்டாமல் நிற்கிறார்.

அதற்குள் பிச்சம்மாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "மைனி ஒண்ணும் நெனச்சு வெசனப்பட வேண்டாம். பின்கட்டு முறியை வெள்ளையடிச்சுப் போட்டாச்சு. அம்மி ஆட்டுக்கல்லு எல்லாம் கைக்கெட்டின தூரத்துல இருக்கு."

வெள்ளையடித்துவிட்டார்களாம். பங்கை வாங்கின கையோடு அறைக்கும் சுண்ணாம்பு கலக்கியிருக்கிறார்கள். பொன்னம்மை உள்ளே போய் அந்த முறியைப் பார்க்கவில்லை. திரும்பி வாசலுக்கு வந்தாள். சாயங்கால தீபாராதனைக்குத் தெருவே நடந்துகொண்டிருந்த நேரம்.

"எல்லாரும் கேட்டுக்கோங்கோ" என்றாள். கத்தவில்லை; எல்லோருக்கும் கேட்கிறாற்போல் நிதானமாகச் சொன்னாள். "எங்க கொழுந்தனாருக்கு நல்லா ஓடுது. ரொம்ப நல்லா ஓடுது. தேயிலைப் பங்கு ஒண்ணுக்கு மூணா ஏறிக் கெடக்கு. மகளுக்கு ஆலப்புழையில பெரிய இடத்துல மாப்பிள்ளை ஒத்து வந்திருக்கு. மகன் குதிரை மாதிரி இருக்கான், ஒரு தலைவலிகூட வந்ததில்லை. இந்த வீட்டுல ஒரு குறையும் கிடையாது."

ஒரு வசவு இல்லை, ஒரு சாபம் இல்லை. அத்தனையும் உள்ளது உள்ளபடி. ஆனால் தெரு அப்படியே நின்றுவிட்டது. பிச்சம்மாள் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். உப்பும் மிளகாயும் அள்ளிவந்து வீட்டுக்கும் புருஷனுக்குமாகச் சுற்றினாள். இத்தனை நேரம் சிரித்துக்கொண்டிருந்த பகவதிப்பெருமாள் வேர்த்துப்போய், "மைனி, மதி, மதி, போதும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

பொன்னம்மை அந்தப் பின்கட்டுக்குப் போகவே இல்லை. செக்ரட்டேரியட்டில் வேலை பார்க்கிற தனிக்கட்டை கிளார்க்குகளுக்குத் தன் வீட்டிலேயே சோறு போட ஆரம்பித்தாள். ஐம்பது வயசில் ஊரார் எச்சில் இலை எடுக்கிற பிழைப்புத்தான், ஆனாலும் அடுப்பு அவளுடையது.

வலியசாலையில் நடந்தது ஸ்ரீவராகத்துக்கும் எட்டிவிட, தெரு மட்டும் அவளை விட்டுவைக்கவில்லை. அவள் எதிரே வந்தால் குழந்தையை முந்தானைக்குள் மறைத்தார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் அழைப்பைக் கதவிடுக்கில் சொருகிவிட்டு ஓடினார்கள். கரிநாக்கு, அவள் வாயால் சொன்னால் நல்லதும் பட்டுப்போகும் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கொழுந்தன் செய்தது எல்லோருக்கும் தெரியும். வாயைத் திறந்து ஒருவரும் அவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்தத் தெருவைப் பொறுத்தவரை பகவதிப்பெருமாள் சாமர்த்தியசாலி. நாக்கு சரியில்லாதவள் பொன்னம்மைதான்.